வாலுள்ள வண்டியும் வாலில்லாத வண்டியும்

மனிதர்களை முகத்தைப் பார்த்து எடை போடலாம் என்பார்கள். மோட்டார் காரை மட்டும் முதுகைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும். முன்பக்கத்தில் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு விளக்குகள், ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கவலை தோய்ந்த ஒரு மனித முகம். பின்பக்கத்தில்தான் ஜாதி பிரிகிறது. கூரை பின் ஆசனத்தோடு முடிந்து சரிந்து இறங்கி, அதற்கும் அப்பால் ஒரு பெட்டி வால் போல நீண்டிருந்தால் அது 'செடான்'. கூரை அப்படியே கடைசி வரை சென்று, மேலே தூக்கும் ஒற்றைக் கதவில் முடிந்தால் அது 'வாகன்'. அந்த வாகனையே சற்று உயரமான கால்களில் நிறுத்தி, மார்பை நிமிர்த்தி, மீசையும் முறுக்கிவிட்டால் அதற்குக் 'கிராஸ்ஓவர்' என்று பெயர். நம் ஊர்த் தெருவில் இத்தனை நுட்பம் பார்ப்பதில்லை. உயரமாக எது வந்தாலும் 'எஸ்.யூ.வி.' என்று சொல்லி வழி விட்டுவிடுகிறோம்.

வாலுள்ளதை வாங்குவதா, வாலில்லாததை வாங்குவதா என்ற கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பழைய கார் ஓய்வு கேட்டது. எங்கள் பூர்வீகம் சேலம் பக்கம். என் தமக்கைக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்கால்களும் ஒத்துழையாமை இயக்கம் நடத்துகின்றன. ஆயினும் ஆண்டுதோறும் வைகாசியில் ஏற்காட்டு மலை ஏறிச் சேர்வராயன் சாமியைப் பார்த்தாக வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம். ஆகவே எந்தக் கார் வாங்கினாலும் அது மலை ஏற வேண்டும். அக்காவும் அதில் ஏற வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் கடினமானது.

விலை, மைலேஜ், வட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு, என் மனைவியின் தம்பி ஒரு கேள்வி கேட்டார்: "சாமான் ஏத்தற மாதிரி இருக்கிற வண்டியிலயா அத்தான், பெரியக்காவை உட்கார வைக்கப் போறீங்க?"

நல்ல மனிதர், மரியாதையை உத்தேசித்தே கேட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் முந்நூறு நானூறு வருஷத்துச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஏறிச் செல்பவர் வேறு, ஏற்றிச் செல்லப்படும் சாமான் வேறு; இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது. இந்த எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது?

'செடான்' என்பது முதலில் காரின் பெயரே அல்ல. அது ஒரு நாற்காலியின் பெயர். 1634-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஸர் ஸாண்டர்ஸ் டன்கோம் என்ற கனவான், மூடிய நாற்காலிகளை வாடகைக்கு விடும் தனி உரிமையை அரசர் முதலாம் சார்லஸிடம் பெற்றார். நம்முடைய பல்லக்கின் தூரத்து உறவு என்று சொல்லலாம். பல்லக்கில் சாய்ந்துகொள்ளலாம்; இதில் நிமிர்ந்து உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கழி. முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள், நடுவே பெட்டிக்குள் ஒரு பெரிய மனிதர். தெருச் சேறு அவர் காலணியில் படாது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் சொல்லாராய்ச்சிக்காரர்கள் இன்னும் சமாதானமாகவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1912-இல் அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கம்பெனி, நாலு பக்கமும் மூடிய தன் மோட்டாருக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. தூக்குகிறவர்கள் இரண்டு பேரும் போய், அவர்கள் இடத்தில் இயந்திரம் வந்தது. உள்ளே இருந்தவர் அசையவில்லை.

நம் மலைகளிலும் இதே கதைதான் நடந்தது. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிருக்கு அடிகோலினார். பிறகு தோட்டங்கள் வந்தன, பங்களாக்கள் வந்தன, கோடையில் வெயிலுக்கு அஞ்சி மேலே ஓடி வரும் குடும்பங்கள் வந்தன. பாதை மட்டும் மெதுவாகத்தான் வந்தது. வண்டிப் பாதை போடுவதற்கு முந்திய காலத்தில் தென்னாட்டு மலை வாசஸ்தலங்களுக்கு வெள்ளைக்காரர்கள் குதிரையில் ஏறினார்கள். குதிரை ஏறத் தெரியாதவர்களும் துரைசானிகளும் டோலியில் ஏறினார்கள். அவர்களுடைய பெட்டி படுக்கைகள் வேறு வரிசையாகப் பின்னால் வந்தன. மனிதருக்குத் தோள், சாமானுக்குத் தலை. சுமந்தவன் என்னவோ ஒரே ஜாதி ஆள்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். சபரிமலைப் பாதையில் நடக்க இயலாத பக்தர்களை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தோளில் தூக்கிச் செல்வதை நம் காலத்திலேயே பார்த்திருக்கிறோம். அந்த நாற்காலிக்கும் 'செடான்' என்று பெயர் வைத்தால் தப்பில்லை.

இனி வாலைப் பற்றிச் சொல்கிறேன். காரின் வாலை நாம் 'டிக்கி' என்கிறோம். ஆங்கிலேயர்களின் குதிரைக் கோச்சு வண்டிகளில் பின்புறம் வெளியே ஒரு சிறு ஆசனம் இருக்கும். எஜமானர் உள்ளே, வேலைக்காரன் அந்தப் பின் ஆசனத்தில் வெயிலிலும் மழையிலும். அதற்குத்தான் 'டிக்கி' என்று பெயர். மோட்டார் வந்த புதிதிலும் முதுகைத் திறந்தால் ஆசனமாக விரியும் டிக்கிகள் சில கார்களில் இருந்தன. பிறகு ஆள் போனான். அந்த இடத்தில் பெட்டி வந்தது. பெயர் மாறவில்லை. ஆக, செடான் காரின் நடுப்பகுதி பல்லக்கின் வாரிசு. வால்பகுதி வேலைக்காரனின் ஆசனத்துக்கு வாரிசு. என் மைத்துனர் அன்று பேசியது இந்தச் சரித்திரத்தின் குரல்தான். அவருக்கே தெரியாமல் பேசினார்.

வாகனுடைய வம்சாவளி இவ்வளவு கௌரவமானதல்ல. அமெரிக்காவில் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே ஆட்களையும் டிரங்குப் பெட்டிகளையும் ஒன்றாக அள்ளிப்போட்டுச் செல்ல மரக் கூண்டு கட்டிய மோட்டார்கள் ஓடின. ஸ்டேஷனுக்குப் போய் வந்ததால் 'ஸ்டேஷன் வாகன்'. 1923-இல் ஸ்டார் என்ற கார் கம்பெனி இதைத் தன் தொழிற்சாலை விற்பனையிலேயே சேர்த்தது. 1929-இல் ஃபோர்டு கம்பெனியும் சேர்த்தது. மரக் கூண்டு மழையில் ஊறும், வெயிலில் விரியும், ஆண்டுக்காண்டு வார்னிஷ் கேட்கும். 1946-இல் ஜீப் செய்த வில்லிஸ் கம்பெனி முழுவதும் எஃகினாலேயே ஒரு வாகன் செய்த பிறகுதான் அது குடும்ப வண்டி ஆயிற்று. இங்கிலாந்தில் அதே வண்டி 'எஸ்டேட் கார்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, நிலபுலன் உள்ள பிரபுக்களின் வேட்டை நாய்களை ஏற்றிக்கொண்டது. பிரபுவின் நாய் ஏறினால் சாமான் வண்டிக்கும் அந்தஸ்து வந்துவிடுகிறது!

ஒரு ஸ்டேஷன், ஒரு மலை, நடுவே ஏராளமான டிரங்குப் பெட்டிகள். யோசித்துப் பார்த்தால், ஸ்டேஷன் வாகனுக்கு வேண்டிய சகல லட்சணங்களும் பொருந்திய ஊர் சேலம்தான். 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. ஏற்காட்டில் 1894-இல் சேக்ரட் ஹார்ட் பள்ளியும் 1917-இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளியும் தோன்றின. விடுதிப் பிள்ளைகள் விடுமுறை முடிந்து திரும்பும் நாளில், ஒரு பிள்ளைக்கு ஒரு இரும்புப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், முறுக்கும் அதிரசமும் அடைத்த ஒரு தகர டின், அழுகின்ற ஒரு தாயார் என்று கணக்கு. இந்த நாலையும் ஒரே கூரையின் கீழ் ஏற்ற வேண்டுமானால் வாகன்தான் தகுதியான வண்டி.

ஆனால் நம்மவர்கள் அதைக் கேட்டார்களா? இல்லை. நம் கிராமங்களில் காருக்கு வழங்கிய பெயரைக் கவனித்தால் காரணம் புரியும். 'பிளஷர்' என்றார்கள். "பண்ணையார் பிளஷர்ல போறார்" என்பது அந்தக் காலத்துப் பேச்சு. சுகத்துக்கு உரிய வண்டி. பாரம் ஏற்றுவதற்கு அல்ல. பாரத்துக்குக் கட்டை வண்டி இருந்தது, லாரி இருந்தது. சேலத்தில் 1930-களில் டி. ஆர். சுந்தரம் ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவை அமைத்த பிறகு, அந்தச் சாலையில் நட்சத்திரங்களின் கார்கள் போவதைப் பார்க்க ஜனங்கள் நின்றார்கள். ஸ்டூடியோ போய்விட்டது, அதன் வாசல் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. நட்சத்திரம் போகும் காரின் பின் கண்ணாடி வழியே வாழைத்தாரும் அண்டாவும் தெரிந்தால் எப்படி இருக்கும்? பிளஷர் என்ற சொல்லே கூசிப்போயிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்த கார்கள் மூன்று. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாஸடர். பம்பாயில் தயாராகி, பின்னால் பத்மினி என்று பெண் பெயர் பூண்ட ஃபியட். நம் சென்னைக்குப் பக்கத்திலேயே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மூன்றும் வாலுள்ள கார்கள்.

இவற்றில் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை நம் விஷயத்துக்கு நேரானது. 1961-இல் வந்தபோது அதற்கு இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டியவர் முன் ஆசனத்தை மடக்கி, உடலையும் மடக்கி, இடுக்கில் நுழைய வேண்டும். மடிசாரோ, பட்டுப் புடவையோ, முழங்கால் வலியோ உள்ளவர்கள் இந்த யோகாசனத்தைச் செய்ய முடியுமா? நம் நாட்டுக்கென்றே அதற்கு நாலு கதவு வைக்க வேண்டியதாயிற்று. ஹெரால்டில் 'கம்பானியன்' என்ற பெயரில் வாகன் வகை ஒன்றும் வந்தது. கம்பானியன் என்றால் தோழன். அந்தத் தோழனை அதிகம் பேர் வீட்டுக்கு அழைக்கவில்லை. கார் வாங்குவது ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் ஒரு தடவை நடக்கும் வைபவம். அந்த ஒரு தடவையில் ஆஸ்பத்திரி வண்டியை நினைவூட்டும் ஒன்றை வாங்க யாருக்கு மனம் வரும்? அம்பாஸடரின் முதுகை நீட்டி ஆம்புலன்ஸ் செய்து ஓட்டியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். நீண்ட கூரை என்றாலே நோயாளியின் ஞாபகம்.

ஆகவே சாமான் எங்கே போயிற்று? காரின் தலைக்குப் போயிற்று. கூரை மேல் இரும்புக் காரியர் பூட்டி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஊருக்குப் புறப்பட்ட அம்பாஸடர்களை நினைத்துப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடியும் தலைச்சுமை! சாமான் கூடவே வரலாம். ஆனால் நம்மோடு உட்காரக் கூடாது.

1984-இல் மாருதி வேன் வந்தது. முன்னால் மூக்கும் இல்லை, பின்னால் வாலும் இல்லை. சக்கரம் வைத்த பெட்டி. விலை குறைவு, இடம் அதிகம் என்பதால் பெரிய குடும்பங்கள் வாங்கின. 'வேன்' என்றுதான் அழைத்தார்கள். 'கார்' என்ற பட்டம் அதற்குக் கிடைக்கவில்லை. டாடா கம்பெனி 1992-இல் 'எஸ்டேட்' என்று பெயரிலேயே அந்தஸ்தை வைத்து ஒரு வாகன் செய்து பார்த்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி பலேனோ ஆல்டுரா, ஃபியட் வீக்எண்ட், டாடா இண்டிகோ மெரினா என்று ஒன்றன்பின் ஒன்றாக வாகன்கள் வந்தன. எல்லாம் நல்ல வண்டிகள். எல்லாம் போய்ச் சேர்ந்தன. அதே சமயத்தில் டொயோட்டா குவாலிஸ் என்ற உயரமான கூண்டு வண்டி, 2000 முதல் 2005 வரை, மலைப் பாதை டாக்சிகளின் ராஜாவாக விளங்கியது. இரண்டிலும் நீண்ட கூரைதான், பின்கதவுதான். ஆனால் ஒன்று தாழ்வாக நின்றது. மற்றது உயரமாக நின்றது.

இதற்கிடையில் வரி அதிகாரிகள் சரித்திரத்துக்குள் நுழைந்தார்கள். 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், நாலு மீட்டருக்கு மிகாத நீளமும் குறிப்பிட்ட அளவுக்கு மிகாத என்ஜினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வால் வைத்தால் நாலு மீட்டரைத் தாண்டிவிடும். வாலை விடவும் மனமில்லை, வரிச் சலுகையை விடவும் மனமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வாலை நறுக்கினார்கள். 2008-இல் டாடா இண்டிகோவின் வால் நறுக்கப்பட்டது. 2012-இல் மாருதி டிசையர் 3,995 மில்லிமீட்டரில் வந்து நின்றது. சட்டத்துக்கும் வாலுக்கும் நடுவே ஐந்தே மில்லிமீட்டர் இடைவெளி! உலகத்தில் வேறெங்கும் இத்தனை குட்டை வாலுள்ள கார்களை இத்தனை ஆசையோடு வாங்கினார்களா என்பது சந்தேகம்தான்.

அப்போதுதான் கிராஸ்ஓவர் வந்தது. அயல்நாட்டில் அது புதிதல்ல. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஏ.எம்.சி. கம்பெனி சாதாரணக் காரையும் வாகனையும் உயர்த்தி, நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்து 'ஈகிள்' என்று விற்றது. 1990-களின் நடுவில் ஜப்பானின் சுபாரு கம்பெனி தன் வாகனையே சற்று உயர்த்தி 'அவுட்பேக்' என்று பெயர் வைத்து நல்ல லாபம் கண்டது. நம் நாட்டில் இந்த வகையைப் பெருக்கியதில் சென்னைப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2012-இல் ஒரகடத்திலிருந்து டஸ்டர். 2013-இல் மறைமலை நகரிலிருந்து ஈக்கோஸ்போர்ட். 2015-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிரெட்டா. 2013-இல் மத்திய அரசாங்கம் எஸ்.யூ.வி. என்பதற்கு வரிச் சட்டத்தில் ஒரு லட்சணம் எழுதியது: நீளம் நாலு மீட்டருக்கு மேல், என்ஜின் 1500 சி.சி.க்கு மேல், அடிவயிறு தரையிலிருந்து 170 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம். லட்சணம் எழுதினால் அதிக வரி போடலாம் அல்லவா? வரி போட்டும் ஜனங்கள் விடவில்லை. 2022-23-ஆம் நிதியாண்டில் நாட்டில் விற்ற பயணி வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த உயரமான ஜாதிதான்.

அரை நூற்றாண்டாக வேண்டாம் என்று ஒதுக்கிய அதே நீண்ட கூரை, அதே பின்கதவு, அதே சாமான் இடம். தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்ததும் வெட்கம் பெருமையாக மாறிவிட்டது. இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது ஏற்காட்டு மலை ஏறும் வண்டி. ஆகவே சிரிப்பை ஒத்திவைத்துவிட்டு, மலையையே மத்தியஸ்தம் செய்யச் சொன்னேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அம்பாஸடர் காலத்திலிருந்து அங்கே வாடகைக் கார் ஓட்டும் பெரியவர் ஒருவரைக் கலந்துகொண்டேன். அவருடைய தீர்ப்பு இரண்டு பக்கமும் சாய்ந்தது.

"ஏறும்போது எல்லா வண்டியும் ஏறிடும் ஐயா. எறங்கும்போதுதான் வண்டியோட கொணம் தெரியும். தாழ்வான வண்டி வளைவுல ஒடம்ப அசைக்காது. ஒசரமான வண்டி தலைய ஆட்டும். பின்னாடி இருக்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். எது வாங்கினாலும் சரி, எந்த கியர்ல ஏறினமோ அந்த கியர்லயே எறங்கணும். பிரேக்கை நம்பி எறங்கினா, கடைசி வளைவுல பிரேக் நம்மை நம்பாது."

சாஸ்திரமும் இதையேதான் சொல்கிறது. பாரத்தின் மையம் உயர உயர, வளைவில் சாய்வு அதிகம். வேகம் மிஞ்சினால் கவிழும் அபாயமும் அதிகம். அந்த விஷயத்தில் செடானுக்கே முதல் மார்க். இன்னொரு மார்க்கும் அதற்கே. டிக்கி என்பது சுவர் வைத்த தனி அறை. வாகனில் அந்தச் சுவர் இல்லை. பின் ஆசனத்தின் முதுகுக்கு மேல் பெட்டிகளை அடுக்கியிருந்தால், திடீரென்று பிரேக் போடும்போது அவை பறந்து வந்து நம் தலையைத்தான் விசாரிக்கும். பலாப்பழத்தின் விஷயமும் உண்டு. ஏற்காட்டில் பழுத்த பலா ஒன்று வாங்கி வாகனில் வைத்தால், சேலம் வந்து சேரும்வரை அதுவும் நம்மோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே வரும். செடானில் அது டிக்கிக்குள் மௌன விரதம்.

வாகன் பக்கத்திலும் மார்க்குகள் உண்டு. டிக்கியில் இடம் நிறைய இருந்தாலும் வாய் சிறிது. பொங்கல் அண்டா உள்ளே போகாது. பின்கதவைத் தூக்கினால் அண்டா போகும், மடக்கிய சக்கர நாற்காலியும் போகும். சேர்வராயன் கோயிலை நெருங்கும்போது மலை முகட்டில் சமவெளி போன்ற இடம். கரடுமுரடில் அடிவயிறு தட்டாமல் போக உயரம் உதவும்.

இரண்டு வண்டிகளும் மார்க்கில் சமமாக நின்றன. கடைசித் தீர்ப்பை என் தமக்கை வழங்கினாள். கடைக்கு அழைத்துப் போய் இரண்டிலும் உட்காரச் சொன்னோம். செடானில் தலையைக் குனிந்து, இடுப்பை மடக்கி, ஒரு பெருமூச்சோடு விழுந்தாள். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தோம். உயரமான வண்டியில் பக்கவாட்டில் அமர்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அது குந்தி எந்திரிக்கிற மாதிரி இருக்கு தம்பி. இது நாற்காலியில உக்கார்ற மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்காலி! நாற்காலியின் பெயரைத் தாங்கிப் பிறந்த செடான், காலப்போக்கில் அழகுக்காகத் தாழ்ந்து தாழ்ந்து மணையாகிவிட்டது. சாமான் வண்டி என்று இகழப்பட்ட வாகன், உயர்ந்து உயர்ந்து நாற்காலியாகிவிட்டது. டன்கோம் துரை இன்று வந்தால் எதற்கு 'செடான்' என்று பெயர் வைப்பார்? அன்றைக்கே உயரமான வண்டிக்கு முன்பணம் கட்டினோம். ஆசன முதுகுக்கு மேல் சாமான் வைப்பதில்லை, வைத்ததை வலை போட்டுக் கட்டாமல் மலை இறங்குவதில்லை என்று வீட்டில் இரண்டு சட்டங்களும் இயற்றினோம். என் மைத்துனர் முன் ஆசனத்தில் அமர்ந்து பார்த்துவிட்டு, "ரோடு நல்லாத் தெரியுது அத்தான்" என்று சரணாகதி அடைந்தார்.

இத்துடன் கட்டுரையை முடித்திருப்பேன். வைகாசித் திருவிழாவுக்கு அந்த வண்டியில் சேர்வராயன் கோயிலுக்குப் போன பிறகு, முடிக்க முடியவில்லை.

அந்தக் கோயில் 5,326 அடி உயரத்தில், மலையின் தலையில் இருக்கிறது. கோபுர ஆடம்பரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். குறுகலான, இருண்ட குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையும் நதியும் என்கிறார்கள். இந்த மலையின் ஆதிக் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், அவ்வளவுதான். காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்ததாகவும், மூத்தவர் சேர்வராயனிலும் மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறியதாகவும் அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. திருவிழா அவர்களுடையது. நாங்கள் விருந்தாளிகள்.

அந்த மக்களில் பலர் சரக்கு ஏற்றும் சிறு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். 2005-இல் டாடா கம்பெனி வெளியிட்ட சிறு சரக்கு வண்டிக்குத் தமிழ்நாடு முழுவதும் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர். அந்த மாதிரி வண்டியின் பின்தட்டில் பெண்களும் குழந்தைகளும் கிழவிகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நின்றபடி வந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அப்படி ஏற்றிச் சென்று கவிழ்ந்த வண்டிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் சாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டும், வண்டி அதுதான் கிடைக்கிறது.

எங்கள் பின்கதவைத் தூக்கி, விரித்த ஜமக்காளத்தின் மேலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், காலியான அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தார். "நாலு பேர் தாராளமா உக்காரலாமுங்களே ஐயா" என்றார்.

கேலி இல்லை, குறையும் இல்லை. ஒரு நல்ல இடத்தைப் பார்த்த மனிதரின் ரசனை, அவ்வளவுதான். எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் சாமானுக்கு என்று ஒதுக்கிய இடம், ஜமக்காளம் விரித்த இடம், கூரை உள்ள இடம். அவர் குடும்பம் வந்த இடத்தில் இதில் எதுவும் இல்லை.

அக்காதான் பேசினாள். "தம்பி, எறங்கும்போது இவங்க வீட்டம்மாவை நம்ம சீட்டுல ஏத்திக்கோ." அப்படியே செய்தோம். அந்த அம்மாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடையைப் பின்னால் வைக்கலாமே என்றேன். "கூடை என்கிட்டயே இருக்கட்டுமுங்க" என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவளுடைய கிராமம் வரும்வரை கையை எடுக்கவில்லை.

ஒருவரை ஏற்றிக்கொண்டதால் மற்றவர்களின் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. மற்ற பேர் பின்தட்டில் நின்றபடிதான் இறங்கினார்கள். வாலா, வாலில்லையா என்று நாம் நடத்தும் விவாதம் முழுவதும் ஆசனம் கிடைத்தவர்களின் விவாதம். முன்பு தோளில் பல்லக்கும் தலையில் பெட்டியும் சுமந்து மலை ஏறியவர்கள், சுமப்பதிலிருந்து விடுதலை பெற்றுவிட்டார்கள், சரி. ஆனால் சுமை ஏறும் தட்டிலேயே இன்னும் நிற்கிறார்கள். இருநூறு வருஷத்தில் தலைச்சுமை இறங்கியது, ஆசனம் வரவில்லை.

சாமானைத் தனியே வைப்பதா, கூடவே வைப்பதா என்பது அவரவர் முழங்காலையும் அண்டாவையும் பொறுத்த விஷயம். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு உயரமான வாகனைச் சிபாரிசு செய்வேன். இருவர் மட்டும் சமவெளியில் நெடுந்தூரம் போய் வருவதாயிருந்தால் செடானே சுகம். இரண்டில் எதை வாங்கினாலும் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். திருவிழா நாளில் சேர்வராயன் மலைக்கு வேண்டியதோ மூன்றாவது ஜாதி வண்டி. அதற்கும் நீண்ட கூரைதான், வால் கிடையாது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். ஐம்பது பேருக்கு ஆசனம் உண்டு. நம் ஊரில் அதற்கு 'பஸ்' என்று பெயர்.